டெக்சாஸில் புதுக் கரண்ட் கம்பெனி: பெரம்பூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு ராத்திரி ஷிப்ட். டெக்சாஸ் மாநிலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் கம்பெனிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் டல்லாஸுக்கும் ஹியூஸ்டனுக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நிறைய. என் வேலை இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து மார்க்கெட்டில் காய் வாங்கும்போதும் கேள்வி, கல்யாணப் பந்தியிலும் கேள்வி. சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்தான்: "பையன் ஏதோ புதுக் கம்பெனி பேரு சொல்றான், ரேட்டு கம்மியாம், சேரலாமா?"

அதையும் அதன் அக்கம்பக்கத்துச் சந்தேகங்களையும் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் டெக்சாஸுக்கு மட்டுமே பொருந்தும். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு.

"கரண்டை எதுக்குப்பா தேடிப் பிடிச்சு வாங்கணும்? இபிதானே குடுக்கும்?"

இங்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையம், தெருக்கோடி டிரான்ஸ்பார்மர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் எல்லாம் ஒரே மின்வாரியக் குடும்பம். பெயர்ப்பலகையைப் பிரித்து எழுதினாலும் அரசாங்கத்துடையதுதான். டெக்சாஸில் 1999-ல் ஒரு சட்டம் போட்டு இந்த வேலைகளை மூன்றாக வெட்டினார்கள். 2002 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மின்சாரம் தயாரிப்பவர் ஒருவர். கம்பம், கம்பி, மீட்டர் வைத்திருப்பவர் இன்னொருவர். மொத்தமாக வாங்கி வீட்டுக்குச் சில்லறையாக விற்று பில் போடுபவர் மூன்றாமவர். நாம் தேர்ந்தெடுப்பது இந்த மூன்றாமவரை மட்டும்தான்.

கம்பிக் கம்பெனியை மாற்ற முடியாது. டல்லாஸ் பக்கம் ஆன்கார், ஹியூஸ்டன் பக்கம் சென்டர்பாயின்ட் என்று ஏரியாவுக்கு ஒருவர். அவர்கள் எவ்வளவு வாங்கலாம் என்பதை மாநிலத்தின் பப்ளிக் யூட்டிலிட்டி கமிஷன் முடிவு செய்கிறது. கீழே 'கமிஷன்' என்று வரும் இடமெல்லாம் இதுதான். மாநிலத்தின் பெரும்பகுதிக்கு கிரிட்டையும் (மின் நிலையங்களை ஊர்களோடு இணைக்கும் கம்பி வலை) மொத்த விலைச் சந்தையையும் நடத்தும் அமைப்புக்குப் பெயர் எர்காட்.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி எங்கயும் கிடையாதா?"

மும்பையில் ஓரளவு உண்டு. அங்கே சில பகுதிகளில் டாடாவா, அதானியா என்று வீட்டுக்காரர்களே தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அந்த வழி இல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற ஊரிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு டெக்சாஸில் முதல் வாரமே பத்துப் பதினைந்து கம்பெனிகளின் விலைப்பட்டியலை நீட்டினால் தலை சுற்றத்தான் செய்யும்.

"என் பொண்ணு ஆஸ்டின்ல இருக்கா. அவளும் கம்பெனி தேடணுமா?"

வேண்டாம். ஆஸ்டின், சான் அன்டோனியோ இரண்டிலும் நகராட்சியே மின்சாரம் கொடுக்கிறது. டல்லாஸ் பக்கத்து கார்லாண்ட், டென்டன் ஊர்களுக்கும் சொந்த மின்சாரத் துறை உண்டு. பல இடங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஃபிரிஸ்கோவிலேயே ஒரு பகுதி கோசர்வ் என்ற கூட்டுறவின் கையில், இன்னொரு பகுதி போட்டிச் சந்தையில். தெருவைப் பொறுத்து மாறும். வீடு பார்க்கும்போதே "இங்கே கரண்ட் கம்பெனியை நாங்கள் தேர்ந்தெடுக்கணுமா?" என்று வீட்டுக்காரரிடமோ லீசிங் ஆபீஸிலோ கேட்டுவிடுவது நல்லது.

"புதுக் கம்பெனியில சேர்ந்தா கரண்ட் அடிக்கடி போகுமா?"

போகாது. எல்லாக் கம்பெனிக்காரர்களின் மின்சாரமும் அதே கம்பியில்தான் வருகிறது. ஒரே கட்டடத்தில் பத்து வீட்டுக்காரர்கள் பத்துக் கம்பெனியில் இருந்தாலும், மரம் விழுந்து லைன் அறுந்தால் பத்து வீடும் இருட்டுத்தான். சரி செய்ய வருவதும் கம்பிக் கம்பெனியின் ஆட்கள்தான். கரண்ட் போனால் போன் போட வேண்டியதும் அவர்களுக்கே. அந்த எண் பில்லிலேயே இருக்கும்.

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்தன. அதில் பழைய கம்பெனி, புதுக் கம்பெனி என்ற பேதமே இல்லை. ஆக, கம்பெனியை மாற்றினால் மாறுவது விலை, ஒப்பந்தம், போனை எடுத்துப் பேசுகிற ஆள், இவ்வளவுதான். "அவங்க கரண்ட் நல்லா இருக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

"கம்பெனி நெஜமாவே இருக்குதான்னு எப்படிப் பார்க்கறது?"

சில்லறையில் மின்சாரம் விற்க கமிஷனின் சான்றிதழ் வேண்டும். அதன் எண்ணை ஒப்பந்தத் தாள்களில் போட்டிருப்பார்கள். கமிஷனின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்த எண்ணையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. எண்ணே இல்லை என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

அப்படித் தேடும்போது இன்னொன்றும் தெரியவரும். புதிதாகத் தோன்றும் பல பெயர்கள் பழைய ஆட்களுடைய கடைகள்தான். ரிலையன்ட், கிரீன் மவுன்டன், சிரோ, டைரக்ட் எனர்ஜி எல்லாம் என்ஆர்ஜி என்ற ஒரே பெரிய கம்பெனிக்குச் சொந்தம். டிஎக்ஸ்யூ, ஆம்பிட், ஃபோர்சேஞ்ச், ட்ரைஈகிள் எல்லாம் விஸ்ட்ராவுடையவை. (இந்த ரிலையன்ட்டுக்கும் நம்ம ஊர் ரிலையன்ஸுக்கும் சம்பந்தமில்லை. இதையும் கேட்டவர்கள் உண்டு.) உண்மையிலேயே புதிதாக வருபவர்களிலும் எல்லோரும் சின்ன ஆட்கள் கிடையாது. பிரிட்டனின் ஆக்டோபஸ் எனர்ஜி 2020-ல் உள்ளே வந்தது, டெஸ்லா 2022-ல் வந்தது. அதனால் பெயர் புதிதா என்பதைவிட, பின்னால் யார் இருக்கிறார்கள், எத்தனை வருடமாக விற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

"புதுக் கம்பெனின்னா சீட்டுக் கம்பெனி மாதிரி ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டா என்ன பண்றது?"

நியாயமான பயம், நடந்தும் இருக்கிறது. 2008 கோடையில் மொத்த விலை எகிறியபோது சில சின்ன விற்பனைக் கம்பெனிகள் அடுத்தடுத்து மூடின. காரணம் எளிமையானது. வீட்டுக்கு இன்ன விலைக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்கான மின்சாரத்தை முன்கூட்டியே விலை பேசி வாங்கி வைக்கவில்லை. வெயில் காலத்தில் சந்தை விலை ஏறியதும், 15-க்கு வாங்கி 10-க்கு விற்கிற நிலைமை. பெரிய கையிருப்பு உள்ளவர்கள் தாங்குவார்கள், மற்றவர்கள் மூடுவார்கள். அதற்குப் பிறகு கமிஷன் சான்றிதழ் விதிகளையும் பணத் தகுதி விதிகளையும் இறுக்கியது.

ஆனால் கம்பெனி மூடினாலும் வீட்டில் விளக்கு அணையாது. கடைசிப் புகலிடமாக ஏரியாவுக்குச் சில கம்பெனிகளைக் கமிஷன் குறித்து வைத்திருக்கிறது. மூடிய கம்பெனியின் வாடிக்கையாளர்கள் தானாக அவர்களிடம் போய்ச் சேருவார்கள். சிக்கல், அந்த இடைக்கால விலை பொதுவாக அதிகமாக இருக்கும். அங்கிருந்து எப்போது வேண்டுமானாலும் அபராதம் இல்லாமல் வெளியேறலாம். அதனால் தகவல் வந்த அன்றைக்கே வேறு கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களின் பில்லைப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும்.

"ஒரே மாசத்துல ஆயிரக்கணக்குல டாலர் பில் வந்துச்சாமே, அது எந்தக் கம்பெனி?"

கிரிடி. அதன் வியாபாரமே வேறு மாதிரி: மாதம் 9.99 டாலர் சந்தா கட்டினால் மொத்தச் சந்தை விலையிலேயே மின்சாரம். சாதாரண நாளில் அது மலிவுதான். 2021 பனிப்புயலின்போது மொத்த விலை அதன் உச்சவரம்பான யூனிட்டுக்கு 9 டாலரில் போய் நாள்கணக்கில் நின்றது. வழக்கமாக யூனிட்டுக்குச் சில சென்ட் கட்டியவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். புயலுக்கு முன்பே அந்தக் கம்பெனி "வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பார்த்தது. ஆனால் அந்த நேரத்தில் புது ஆட்களைச் சேர்த்துக்கொள்ளப் பலர் தயாராக இல்லை. எர்காட் அதைச் சந்தையிலிருந்து நீக்கியது, மார்ச்சில் கம்பெனி திவால் மனு போட்டது.

அதே வருடம் வீடுகளுக்கு இப்படி மொத்த விலையை அப்படியே கடத்தும் திட்டங்களை மாநிலம் சட்டம் போட்டுத் தடை செய்தது. மொத்த விலை உச்சவரம்பும் 9 டாலரிலிருந்து 5 டாலராகக் குறைந்தது. எனவே அந்தக் கதை அப்படியே திரும்ப வராது. நிலையான விலைத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் புயலிலும் யூனிட் விலை ஏறவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் பேசும்போது அதை விட்டுவிடுகிறார்கள்.

"ஒரு கம்பெனி 9.4 சென்ட்டுங்குது, இன்னொண்ணு 14.4 சென்ட்டுங்குது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். யூனிட் அங்கேயும் நம்ம யூனிட்தான். விளம்பரத்தில் காட்டும் விலை, மாதம் சரியாக 1,000 யூனிட் எரித்தால் வரும் சராசரி. நானே ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். கம்பிக் கட்டணம் (கம்பிக் கம்பெனிக்குப் போவது, இதே பில்லில் சேர்ந்து வரும்) மாதம் 4 டாலரும் யூனிட்டுக்கு 5 சென்ட்டும் என்று வைத்துக்கொள்வோம். 'அ' கம்பெனி யூனிட்டுக்கு 14 சென்ட் வாங்குகிறது, ஆனால் 1,000 யூனிட்டைத் தொட்டால் 100 டாலர் தள்ளுபடி. 'ஆ' கம்பெனிக்கு யூனிட் 9 சென்ட், தள்ளுபடி எதுவும் இல்லை. 1,000 யூனிட்டில் 'அ' பில் 140 + 50 + 4 = 194, தள்ளுபடி போக 94 டாலர், அதாவது 9.4 சென்ட். 'ஆ' பில் 144 டாலர், அதாவது 14.4 சென்ட். பட்டியலில் 'அ' முதலிடத்தில் நிற்கும்.

இப்போது அதே வீடு 987 யூனிட்டில் நின்றால்? 'அ' பில் 191 டாலர் 53 சென்ட். 13 யூனிட் குறைந்ததற்கு 97 டாலர் கூடுதல். அந்த மாதம் பில் 30 நாளுக்குப் பதில் 28 நாளுக்கு விழுந்திருந்தாலே போதும், இப்படி ஆகிவிடும். வருடக் கணக்கும் பாருங்கள்: நான்கு மாதம் 600 யூனிட், நான்கு மாதம் 900, வெயிலில் நான்கு மாதம் 1,300 என்றால் 'அ' கம்பெனிக்கு வருடத்துக்கு 1,776 டாலர், 'ஆ' கம்பெனிக்கு 1,616 டாலர். மலிவு என்று பட்டியலில் மேலே நின்றது 160 டாலர் அதிகம் வாங்கிவிட்டது. இந்தத் தள்ளுபடியைப் பிடிப்பதற்காகவே மாதக் கடைசியில் ஆளில்லாத ரூமில் ஏசியை ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன சொல்வது!

புதிதாக வரும் கம்பெனிகள் பட்டியலில் மேலே தெரிய வேண்டும் என்பதற்காக இந்த உத்தியை விரும்பிப் பயன்படுத்துகின்றன. பழையவர்களும் செய்கிறார்கள், அதில் யோக்கியம் பேச ஆளில்லை. 500, 1,000, 2,000 என்று மூன்று அளவுக்கும் விலை போட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. மூன்று விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நேர்மையான திட்டம். நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால் தள்ளுபடி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"அவன் எவ்வளவு யூனிட் எரிப்பான்னே எங்களுக்குத் தெரியாதே?"

டெக்சாஸில் ஒரு வீட்டின் சராசரி மாதம் 1,100 யூனிட்டுக்கு மேல். அது தனி வீடுகளையும் சேர்த்த கணக்கு. இரண்டு பேர் இருக்கும் சின்ன அபார்ட்மென்ட்டில் பெரும்பாலும் அதைவிட நன்றாகக் குறையும். ஒரு விஷயம் மட்டும் கட்டாயம் விசாரிக்கணும்: ஹீட்டரும் வெந்நீரும் கேஸிலா, கரண்டிலா? எல்லாமே கரண்ட் என்றால் ஏப்ரல், மே பில்லைவிட ஜனவரி பில் கூடுதலாக வரலாம். சென்னைக்காரர்கள் வெயிலை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு இதைக் கோட்டை விடுவார்கள்.

குடியேறி ஒரு வருடம் ஆனவர்களுக்கு ஊகமே தேவையில்லை. ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ் என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு எரிந்தது என்பது வரை பார்க்கலாம். பன்னிரண்டு மாத யூனிட்டையும் எடுத்து, மேலே சொன்ன மாதிரி கணக்குப் போட்டாலே எந்தத் திட்டம் நல்லது என்று தெரிந்துவிடும்.

"ஒப்பந்தம்னு பக்கம் பக்கமா வருது. எதைப் படிக்கிறது?"

மூன்று தாள் வரும். விலை விவரத்தாள், நிபந்தனைகள், வாடிக்கையாளர் உரிமைகள். உரிமைகள் தாள் எல்லாக் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, அதைத் தள்ளி வைக்கலாம். விலை விவரத்தாளைத்தான் எழுத்து எழுத்தாகப் படிக்கணும். எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபல் என்று தலைப்பு இருக்கும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும்.

அதில் யூனிட் விலை, மாத அடிப்படைக் கட்டணம், குறைந்தபட்சப் பயன்பாட்டுக் கட்டணம் (இவ்வளவுக்குக் கீழே எரித்தால் தண்டம்), தள்ளுபடி எந்த யூனிட்டில் தொடங்குகிறது, ஒப்பந்தக் காலம், பாதியில் விட்டால் அபராதம் எவ்வளவு என்பதையெல்லாம் பாருங்கள். அப்புறம் 'விலை வகை' என்ற வரி. நிலையானது என்று இருக்கிறதா, மாறக்கூடியது என்று இருக்கிறதா? மாறக்கூடியது என்றால் முதல் மாத விலை வெறும் தூண்டில்.

"நிலையான விலைன்னு சொல்லிச் சேர்த்துட்டு பில்லு ஏறிடுச்சே, ஏமாத்திட்டாங்களா?"

பெரும்பாலும் இல்லை. நிலையாக இருப்பது கம்பெனி வாங்கும் விலை. கம்பிக் கட்டணத்தைக் கமிஷன் மாற்றினால் அது ஒப்பந்தத்தின் நடுவிலும் அப்படியே பில்லில் ஏறும், இறங்கவும் செய்யும். வரியும் விலை விவரத்தாளில் இருக்காது, பில்லில்தான் வரும். இந்த இரண்டும் காரணம் இல்லாமல் யூனிட் விலையே மாறியிருந்தால் அப்போது கேள்வி கேட்கலாம், கேட்கணும்.

"ராத்திரி முழுக்க ஃப்ரீயாம். நம்ம பசங்க ராத்திரிதானே வீட்ல இருப்பாங்க?"

ஃப்ரீ இல்லாத நேரத்தின் விலையைப் பாருங்கள். ராத்திரியில் விட்டதைப் பகலில் வாரிக்கொள்வார்கள். டெக்சாஸ் கோடையில் ஆள் இல்லாவிட்டாலும் ஏசியை ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் குறைவு. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது கொதிக்கிற வீட்டைக் குளிர வைக்கும் நேரம் பெரும்பாலான 'இலவச' திட்டங்களில் இலவசமாக இருக்காது. ராத்திரியில் மின்சார காரை சார்ஜ் போடுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு சரியாக வரலாம்.

"சேரும்போதே டெபாசிட் கேக்கறாங்க. புதுக் கம்பெனிகிட்ட குடுக்கலாமா?"

புதிதாகப் போன பிள்ளைகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இருக்காது, கடன் வரலாறும் இருக்காது. அதனால்தான் கேட்கிறார்கள். எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு: ஒரு வருட பில்லில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அடுத்த இரண்டு மாத பில், இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஒழுங்காக 12 பில் கட்டினால் வட்டியோடு திரும்ப வரும்.

என் கருத்தைக் கேட்டால், புதுக் கம்பெனியில் பெரிய டெபாசிட் கட்ட வேண்டாம். டெபாசிட் பணத்துக்குப் பாதுகாப்பு விதிகள் உண்டுதான், ஆனால் மூடின கம்பெனியிடமிருந்து பணம் திரும்ப வரும்வரை காத்திருக்கும் வேலையை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? அந்தப் பிள்ளைகளுக்கு முன்பணம் கட்டி எரிக்கும் திட்டங்கள் இருக்கின்றன, விலை சற்றுக் கூடுதல். பாஸ்போர்ட்டை வைத்துக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கிறவர்களும் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போன் போட்டுக் கேட்டால் சொல்வார்கள்.

"12 மாசம் போடறதா, 36 மாசம் போடறதா?"

புதுக் கம்பெனி என்றால் 12-க்கு மேல் வேண்டாம். நீண்ட ஒப்பந்தத்தின் லாபமே விலை ஏறாது என்ற உறுதிதான். அந்த உறுதி கொடுத்தவர் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. மேலே மூடும் கம்பெனி பற்றிய பதிலில் சொன்ன கணக்குதான் இது. நல்ல விலைக்கு 36 மாதம் கிடைத்தால் அதைப் பழைய, பெரிய ஆளிடம் போடுங்கள்.

பாதியில் விட்டால் அபராதம் உண்டு. ஆனால் வீடு மாறிப் போனால் அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி, புது விலாசத்துக்குச் சான்று கேட்பார்கள். வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதே வீட்டில் இருந்துகொண்டே ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள், மனம் மாறினால் மூன்று வேலை நாளுக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். புது வீட்டுக்கு முதல் இணைப்பு வாங்கும்போது அந்தச் சலுகை கிடையாது.

"ஒப்பந்தம் முடிஞ்சது தெரியாம விட்டுட்டான். இப்ப பில்லு டபுளா வருது."

ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி மாதாமாதம் மாறும் விலைக்குத் தள்ளிவிடும். பெரும்பாலும் அது ஏற்கெனவே கட்டியதைவிட அதிகம். முன்கூட்டியே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி, அனுப்பியும் இருப்பார்கள், மெயிலில் விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடக்கும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: அபராதம் இல்லாத நிலை, உடனே மாற வேண்டியது. அடுத்த தடவைக்கு, முடிவதற்கு 14 நாள் முன்பிலிருந்தே அபராதமின்றி மாறலாம். அந்தத் தேதியைச் சேரும் அன்றைக்கே போனில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

"புதுக் கம்பெனிக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கே, நம்பலாமா?"

சேர்ந்த அன்றைக்கே போடும் நட்சத்திரத்துக்கு மதிப்பில்லை. கரண்ட் கம்பெனியின் லட்சணம் மூன்று இடத்தில்தான் தெரியும்: முதல் ஆகஸ்ட் பில் (அங்கே வெயில் உச்சத்தில் இருக்கும் மாதம்), வீடு மாறும் நாள், ஒப்பந்தம் முடியும் மாதம். வெறும் ஆறு மாதம் விற்ற கம்பெனியை இந்த மூன்றிலும் பார்த்தவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அதனால் குறைந்த நட்சத்திரம் போட்டவர்கள் எதைப் பற்றித் திட்டுகிறார்கள் என்று படியுங்கள். "விலை அதிகம்" என்பது வழக்கமான புலம்பல். "கடைசி பில்லில் அபராதம் போட்டுவிட்டார்கள், போனையே எடுக்கவில்லை" என்று நாலு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அது தகவல்.

கமிஷன் நடத்தும் பவர் டு சூஸ் என்ற தளத்தில் கம்பெனிகள் மேல் வந்த புகார்களை வைத்துத் தரும் மதிப்பீடு இருக்கிறது. அது மேல் என்பேன். விலை ஒப்பிடவும் அந்தத் தளம் போதும், ஆனால் 'மலிவானது முதலில்' என்று வரிசைப்படுத்தினால் மேலே சொன்ன 'அ' கம்பெனிதான் தலையைக் காட்டும்.

"கடை வாசல்ல ஒருத்தர் மேஜை போட்டு, பழைய பில்லைக் காட்டுங்க, கம்மி பண்ணித் தரேன்னாராம்."

பில்லைக் காட்ட வேண்டாம். பில்லில் அந்த வீட்டின் இணைப்பு எண் இருக்கிறது. டல்லாஸ் பக்கம் 17 இலக்கம், ஹியூஸ்டனில் 22 இலக்கம். அது கிடைத்தால் சம்மதம் இல்லாமலேயே கம்பெனியை மாற்றிவிடும் தில்லுமுல்லு நடக்க வாய்ப்பு உண்டு. அப்படி மாற்றுவது சட்டவிரோதம், கமிஷனில் புகார் கொடுத்தால் பழையபடி மாற்றித் தருவார்கள். ஆனால் அலைச்சல் யாருக்கு? விலை விவரத்தாளை மட்டும் வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். தாளைக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் பேச எதுவும் இல்லை.

"நூறு சதவீதம் காத்தாலை கரண்டாம். எண்ணூர் சாம்பல்ல வளந்த பிள்ளைக்கு அது நல்லதுதானே?"

கேட்டவர் அத்திப்பட்டுக்காரர், கேள்வியில் இருந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் வீட்டுக்கு வரும் கம்பியில் காற்றாலை மின்சாரமும், எரிவாயு மின்சாரமும், நிலக்கரி மின்சாரமும் கலந்துதான் வரும், பிரிக்க முடியாது. கம்பெனி செய்வது, விற்ற அளவுக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களை (காற்றாலை, சோலார் மாதிரி இடங்களில் இவ்வளவு மின்சாரம் தயாரானது என்பதற்கான அத்தாட்சி) வாங்கிக் கணக்குக் காட்டுவது. டெக்சாஸில் காற்றாலைகள் ஏராளம் என்பதால் இதற்குப் பெரிய விலை வித்தியாசம் இருக்காது. விலை ஒன்றாக இருந்தால் தாராளமாக எடுக்கட்டும். அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது அவரவர் மனசு.

"வீட்டுக்கே பேட்டரி வச்சுத் தரோம், கரண்ட் போனாலும் ஓடும்னு ஒரு புதுக் கம்பெனி சொல்லுது."

பனிப்புயலுக்குப் பிறகு இந்த மாதிரி வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். யோசனை மோசமில்லை. மலிவான நேரத்தில் பேட்டரியில் ஏற்றி, விலை ஏறும்போது கிரிட்டுக்கு விற்று அவர்கள் சம்பாதிக்கிறார்கள், கரண்ட் போனால் வீட்டுக்கும் உதவுகிறது. ஆனால் இது வெறும் மின்சார ஒப்பந்தம் இல்லை. பேட்டரி யாருக்குச் சொந்தம், வீட்டை விற்றால் யார் கழற்றுவது, அதற்கு யார் பணம் கட்டுவது, கம்பெனி மூடினால் சுவரில் மாட்டியிருப்பது என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். மின்சாரம் மட்டும் என்றால் மூடிய மறுநாள் மாறிவிடலாம், சுவரில் இருக்கும் பேட்டரியை அப்படி மாற்ற முடியாது. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

"அவனுக்கு நேரமே இல்ல. நானே இங்கேயிருந்து போன் பண்ணிப் பேசிடட்டுமா?"

பேசலாம், ஆனால் கணக்கு அவன் பெயரில் இருந்தால் பொதுவான விவரம் மட்டும்தான் சொல்வார்கள். பில் தொகை, திட்டம் மாற்றுவது எதையும் தொட மாட்டார்கள். அவனே ஒருமுறை போன் செய்து உங்கள் பெயரை அனுமதி பெற்றவராகச் சேர்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் பேசலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அங்கே அப்போதுதான் காலை ஆபீஸ் நேரம். விலை விவரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எதிர்முனையில் எடுப்பவரும் அதே தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பாதி நேரம் அவரும் அம்பத்தூரிலோ திருமங்கலத்திலோதான் இருப்பார், தமிழில் மட்டும் பேச மாட்டார்.